எட்டாவது மனு

எங்கள் சங்கத்துக்கு நான் தேர்தல் அலுவலர் ஆனதற்குக் காரணம், இந்த முறை நான் நிற்கப்போவதில்லை என்று முதலில் வாயைத் திறந்தவள் நான் என்பதுதான். "அப்போ நீங்களே நடத்திக் கொடுத்துடுங்க" என்றார் தலைவி. எல்லோரும் கைதட்டினார்கள். வேலை தங்கள் தலையில் விழவில்லை என்ற சந்தோஷத்தில் தட்டிய கை அது.

பெண்ணியத் தத்துவத்துக்கு என்று ஒரு சங்கம் இருக்கிறது என்று சொன்னால், சித்தூரில் என் உறவுக்காரர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் தத்துவம் நடத்துகிறேன். சித்தூர், திருப்பதி பக்கத்தில் என்னைப் போல இருக்கும் ஆசிரியைகள், ஆராய்ச்சி மாணவிகள், ஒன்றிரண்டு நூலகர்கள், சில பள்ளிக்கூட டீச்சர்கள் சேர்ந்து நடத்துவது இந்தச் சங்கம். மாதம் ஒரு சனிக்கிழமை திருப்பதியில் கூடுவோம். ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் அதைப் பிய்த்து எடுப்பார்கள். சத்தம் வராந்தா வரைக்கும் கேட்கும்.

செயற்குழுத் தேர்தலில் மட்டும் சத்தமே வந்ததில்லை. ஏழு இடம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஏழு பேர் மனுக் கொடுப்பார்கள். அந்த ஏழு பேர் யார் என்பது அதற்கு முன்பே போனில் பேசி முடிந்திருக்கும். தெலுங்கில் இதற்கு ஏகக்ரீவம் என்று பெயர். ஏகமனதாக என்று பொருள். சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரே கழுத்து என்று வரும். இந்த விளக்கத்தை நானே ஒரு கூட்டத்தில் சொல்லிச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அதற்கப்புறமும் ஏகக்ரீவம்தான் நடந்தது.

எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. தேர்தல் என்றாலே எனக்குப் பயம். நாங்கள் சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது நைனா, அதாவது என் அப்பா, சபைக் கமிட்டித் தேர்தலில் நின்றார். இரண்டு வீடு தள்ளி இருந்தவரும் நின்றார். அவருடைய மகளும் நானும் ஒரே பெஞ்சு. ஓட்டு எண்ணும்போது சபைக் கோயில் சுவரில் சாய்ந்தபடி நாங்கள் இரண்டு பேரும் கை கோத்துக்கொண்டு நின்றோம். நைனா தோற்றார். அன்றைக்கு விட்ட கையை அவள் அப்புறம் இரண்டு வருஷம் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரம் அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை, அவர்கள் வீட்டுப் பலகாரமும் வரவில்லை. நைனா ஆராதனைக்குப் போவதை விடவில்லை, ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிவதற்கு முன்பே எழுந்து வந்துவிடுவார். ஜனங்கள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று.

ஆகவே ஏழு இடத்துக்கு ஏழு மனு என்றால் எனக்கு நிம்மதி. ஏழு மனுக்களும் ஒரே கவரில் வந்து சேர்ந்தன. கொண்டு வந்தவள் எங்கள் துறையிலேயே எனக்கு அடுத்த மேஜைக்காரி. துறையில் நாங்கள் இரண்டே பேர். ஏழில் அவளும் ஒருத்தி. ஆறு வருஷமாகக் கமிட்டியில் இருக்கிறாள்.

எட்டாவது மனு கடைசி நாளில் பதிவுத் தபாலில் வந்தது. நகரியிலிருந்து. அனுப்பியவர் அங்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் டீச்சர். அஞ்சல் வழியில் தத்துவம் எம்.ஏ. முடித்தவர். கூட்டத்தில் ஒன்றிரண்டு தடவை பார்த்த முகம், அவ்வளவுதான்.

மனுக்களைச் சரிபார்க்க வேண்டியது நான். சாப்பாட்டு மேஜையில் உறுப்பினர் பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒவ்வொரு மனுவையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும், இரண்டு பேரும் பட்டியலில் இருக்க வேண்டும். ஏழும் சரி. எட்டாவதில் முன்மொழிந்தவர் பட்டியலில் இருந்தார். வழிமொழிந்தவர் பெயர் இல்லை. மேலிருந்து கீழே இரண்டு தடவை விரலை ஓட்டினேன். இல்லை.

மனுக் கொடுத்தவர் கையெழுத்துக்குக் கீழே போன் நம்பர் தெளிவாக எழுதியிருந்தது. என் போன் மேஜை மேல்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. இதை இங்கே சொல்லியாக வேண்டும். மறந்துபோகவில்லை, நேரம் இல்லாமலும் போகவில்லை. எடுத்துக் கேட்டால் எட்டு பேர் ஆகிவிடும், எட்டு பேர் ஆனால் ஒருவர் தோற்க வேண்டும் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டுவிட்டது. 'வழிமொழிந்தவர் உறுப்பினர் பட்டியலில் இல்லாததால் மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி, முத்திரை குத்தி, நகரிக்கு அனுப்பிவிட்டேன். ஏழு பேர் பெயரைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பூங்கொத்துப் படங்களாக வந்து குவிந்தன. மறுநாள் அடுத்த மேஜைக்காரி மைசூர்பாகு கொண்டு வந்தாள். நான் இரண்டு துண்டு தின்றேன்.

ஒரு வாரம் போயிருக்கும். திருப்பதியில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போனேன். அங்கே நூலகராக இருக்கும் பெண்ணும் எங்கள் உறுப்பினர்தான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழ் சரளமாக வரும்.

"மேடம், எலெக்ஷன் அன்னிக்கு எத்தனை மணிக்கு வரணும்? லீவு சொல்லணும்" என்றார்.

"எலெக்ஷனே இல்லம்மா. ஏழு இடம், ஏழு பேரு. முடிஞ்சிடுச்சு."

"ஏழா? எட்டு இல்ல? நகரி டீச்சருக்கு நான்தானே செகண்ட் பண்ணேன்!"

அவர் மேஜையில் ஒரு பெயர்ப்பலகை இருந்தது. அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை. முகம் தெரிந்தவர்களின் பெயர்ப்பலகையை யார் படிக்கிறார்கள்? இப்போது படித்தேன். மனுவில் இருந்த அதே பெயர்.

"உங்க பேரு பட்டியல்ல வேற மாதிரி இருக்குதே" என்றேன்.

"மாத்திட்டேனே மேடம். டைவர்ஸ் ஆனதுக்கு அப்புறம் இன்டிபேரு மறுபடி எங்க நான்னகாருதே வெச்சுக்கிட்டேன்."

தெலுங்குக்காரர்களுக்குப் பெயருக்கு முன்னால் வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. அதுதான் இன்டிபேரு. கல்யாணம் ஆனால் பெண்ணுக்குப் புருஷன் வீட்டுப் பெயர் வந்துவிடும். அதை இவர் கழற்றிப் போட்டுவிட்டு அப்பாவின் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டிருக்கிறார். கூடவே, கல்யாணத்தின்போது புருஷன் வீட்டார் வைத்த புதுப்பெயரையும் விட்டுவிட்டுப் பிறந்த பெயருக்கே திரும்பியிருக்கிறார். பட்டியலில் அந்தப் பழைய ஆள்தான் இன்னும் இருந்தார்.

"பேங்க்ல மாத்தினாங்க, ஆதார்ல மாத்தினாங்க. ரேஷன் கார்டுக்குத்தான் அலைஞ்சேன். நம்ம சங்கத்துல அலைய வேணாம், ஒரு லெட்டர் குடுத்தா போதும்னு குடுத்துட்டேன். ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதனாலயா மேடம்?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவரோ என் புத்தகத்தில் தேதி குத்திக் கொடுத்தார்.

போன வருஷம் எங்கள் கூட்டத்தில், ஒரு பெண் யாருடைய பெயரைச் சுமக்கிறாள் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. இருபது பக்கம். நல்ல விவாதம் நடந்தது. அந்தக் கட்டுரையைப் பிரதி எடுத்துத் தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டவர் இந்த நூலகர். எழுதி வாசித்தவள் நான்.

வீட்டுக்கு வந்ததும், தேர்தல் வேலைக்கென்று தலைவி கொடுத்திருந்த, சங்கத்தின் காகிதங்கள் இருந்த துணிப்பையைக் கவிழ்த்துத் தேடினேன். கடிதம் இருந்தது. கூடவே கெஜட் நகலும் இருந்தது. ஓரத்தில் 'பார்த்தேன்' என்று தலைவியின் சுருக்கொப்பம். பட்டியலில் திருத்த மட்டும் யாருக்கும் கை வரவில்லை. அந்தப் பை மனுக்களைப் பார்த்த அன்றைக்கும் என் காலடியில்தான் கிடந்தது.

தலைவிக்குப் போன் செய்தேன். அவர் திருப்பதியில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களில் பாதிப் பேருக்கு அவர்தான் ஆசிரியை. சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"சூடம்மா, இங்க பாரு, தப்பு நடந்துபோச்சு. நான்தான் பட்டியல்ல ஏத்தச் சொல்லியிருக்கணும். ஒப்புத்துக்கறேன். ஆனா இப்போ பேரு எல்லாம் அறிவிச்சு, வாழ்த்து சொல்லி முடிஞ்சது. திருப்பி எடுத்தா ஏழு பேருக்கும் அவமானம். வதிலேய், விட்டுடு. அடுத்த தடவை அந்த டீச்சரை நாமே கூப்பிட்டு நிக்க வெப்போம்."

"அடுத்த தடவைன்னா மூணு வருஷம் மேடம்."

"தேர்தல் அலுவலர் முடிவே இறுதின்னு விதியில இருக்குது. முடிவு சொல்லியாச்சு. திருப்பி மாத்தறது விதிக்கே விரோதம்."

அவரிடம் படித்த காலத்திலிருந்து நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று போனை வைத்தேன். என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "அந்த டீச்சரம்மா ஏன் சண்டைக்கு வரல?" என்று மட்டும் கேட்டார்.

அதைத்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் லீவு போட்டுவிட்டுப் புத்தூர் பஸ் ஏறினேன். கார்வேட்டிநகரம் தாண்டும் வரைக்கும் என்ன பேசுவது என்று வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன். புத்தூரில் மாறி நகரியில் இறங்கினேன். அவர் வீட்டுத் தெருவில் நுழைந்ததும் வரிசையாகப் பவர்லூம் சத்தம். அந்தச் சத்தத்தில் நான் அமைத்து வைத்த வாக்கியம் எல்லாம் போய்விட்டது.

அவர் அப்போதுதான் பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டோடு அப்படியே நின்றார். அவர் வீட்டுக்காரர் நாற்காலி எடுத்துப் போட்டு, டீ போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தறிப் பக்கம் போய்விட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். பெயர் மாறிய விஷயம், கடிதம் பையில் கிடந்த விஷயம், நான் போன் செய்து கேட்காத விஷயம். கடைசியாகச் சொன்னதுதான் வெளியே வரக் கஷ்டப்பட்டது.

அவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உங்க லெட்டர் ஸ்கூலுக்குத்தான் வந்துச்சு மேடம். எச்.எம். பிரிச்சாரு. ஸ்டாப் ரூம்ல படிச்சுக் காட்டினாரு. நான் எலெக்ஷன்ல நிக்கறேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேன், பாருங்க. 'என்னா டீச்சர், டெபாசிட் போச்சா'ன்னு சிரிச்சிக்கினு இருந்தாங்க. நான் அழுவல. ஆனா அன்னிக்கு மத்தியானம் சோறு துன்னல."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?" கேட்ட பிறகுதான், இதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை என்று உறைத்தது.

"எதுக்கு மேடம்? இவ ஐஸ்கூல் டீச்சர்தானே, காலேஜ் லெக்சரர் இல்லையேன்னு தள்ளிட்டீங்கன்னு நெனச்சேன். போன் பண்ணிக் கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டீங்கன்னா? அதுக்கு லெட்டர்ல இருக்கறதே பரவால்லன்னு விட்டுட்டேன்."

தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

எதற்காக நின்றார் என்று கேட்டேன். "சனிக்கிழமைக்காகத்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை.

"நீங்க மாசாமாசம் ஒரு சனிக்கிழமை கூட்டம் வெச்சிக்கினு இருக்கீங்க. எங்களுக்கு சனிக்கிழமை ஸ்கூல். மெம்பர் ஆயி மூணு வருஷத்துல ரெண்டே தடவைதான் வர முடிஞ்சுது. அதுவும் மெடிக்கல் லீவு போட்டுட்டு. ரெண்டாவது சனிக்கிழமை எங்களுக்கு லீவு. அன்னிக்கு வெச்சா என்னை மாதிரி பத்து பேரு வருவாங்க. இதை எழுதி அனுப்பினேன், பதில் வரல. கமிட்டியில உக்காந்து சொன்னா கேப்பாங்களோன்னு."

அவ்வளவுதான் அவர் கொள்கை. நான் இருபது வருஷமாக, யார் பேசுகிறார்கள் யார் பேச முடியவில்லை என்று பாடம் நடத்துகிறவள். சனிக்கிழமை யாருக்கு லீவு, யாருக்கு லீவு இல்லை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"மனுவை ஏத்துக்கறேன். நிக்கறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நிக்கறேன். ஆனா மறுபடி சேத்துக்கினோம்னு மட்டும் நீங்க போட்டா, யாரோ சிபாரிசு பண்ணி உள்ள வந்துட்டான்னுதான் பேசுவாங்க. உங்க தப்புன்னு எழுதுங்க மேடம். எங்க எச்.எம்.முக்கும் ஒரு காப்பி அனுப்புங்க."

இதை அவர் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கண்ணை என் மேலிருந்து எடுக்காமல் சொன்னார். நான் அங்கேயே காகிதம் வாங்கி எழுதினேன். அவர் பள்ளிக்கூட நோட்டுத் தாள். உறுப்பினர் தன் பெயர் மாற்றத்தை முறையாகத் தெரிவித்திருந்தும் பட்டியலில் திருத்தப்படவில்லை, சந்தேகம் வந்தபோது தேர்தல் அலுவலர் விசாரித்திருக்க வேண்டும், விசாரிக்கவில்லை, நிராகரித்தது தவறு, மனு செல்லும், எட்டு பேர் போட்டியில் இருப்பதால் தேர்தல் நடக்கும். எழுதிவிட்டுப் படித்துக் காட்டினேன். 'விசாரிக்கவில்லை' என்ற இடத்தில் என் குரல் தடுக்கியது. அவர், "அது போதும் மேடம்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் தலைவிக்குப் போன் செய்தேன்.

"தேர்தல் அலுவலர் முடிவே இறுதின்னு நீங்கதானே சொன்னீங்க மேடம். இதுதான் என் முடிவு."

அந்தப் பக்கம் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி, போடு" என்றார். கோபமா இல்லையா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

குழுவில் போட்டேன். ஒரு மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. படித்துவிட்டார்கள் என்பதற்கு நீல அடையாளம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் போனைக் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்திப் பார்ப்பதுமாக இருந்தேன். கடைசியில் ஒரு ஆராய்ச்சி மாணவி கேட்டாள்: "அப்படின்னா நாம ஓட்டு போடலாமா மேடம்? நான் சேர்ந்ததிலிருந்து போட்டதே இல்லை." அதற்குக் கீழே மடமடவென்று மற்றவர்கள். எத்தனை மணிக்கு, எங்கே, வெளியூர்க்காரர்கள் என்ன செய்வது என்று ஒரே கேள்வி. எவ்வளவு பேர் ஓட்டுப் போட ஆசைப்பட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நூலகர் தன் பெயரைத் திருத்திய பட்டியலைக் கேட்டார். அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

அடுத்த மேஜைக்காரி மட்டும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாள் துறையில், "எட்டு பேருன்னா ஒருத்தர் போவணும், அவ்ளோதானே" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் டிபன் பாக்ஸை என் மேஜைக்குக் கொண்டுவராமல் அவள் மேஜையிலேயே திறந்தாள்.

தேர்தல் திருப்பதியில், ஒரு கல்லூரிக் கருத்தரங்கு அறையில் நடந்தது. இரண்டாவது சனிக்கிழமை பார்த்து வைத்தேன். அது என் அதிகாரத்துக்குள்தான் இருந்தது. வழக்கமாக இருபது பேர் வரும் இடத்தில் ஐம்பதுக்கும் மேல் வந்துவிட்டார்கள். சூளூர்பேட்டையிலிருந்து ரயிலேறி இரண்டு பள்ளி ஆசிரியைகள் வந்தார்கள். அவர்களை நான் அதற்கு முன்பு பார்த்ததே இல்லை. விடைத்தாள் வரும் அட்டைப்பெட்டியில் வாய் கிழித்து ஓட்டுப்பெட்டி ஆக்கினோம். ஆளுக்கு ஏழு ஓட்டு. வரிசையில் முதலில் வந்து நின்றவர் தலைவி. சீட்டை வாங்கிக்கொண்டு, "திரைக்கு எதை வெச்சிருக்கே?" என்று கேட்டார். இரண்டு நாற்காலி மேல் என் புடவை ஒன்றைக் கட்டி வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

எண்ணும்போது கரும்பலகையில் கோடு போட்டது நூலகர். நான் சீட்டைப் படிக்க, நகரி டீச்சரும் இன்னொரு வேட்பாளரும் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். ஆறு பேருக்குக் கோடுகள் ஓடிக்கொண்டே போயின. அதில் நகரி டீச்சரும் ஒருவர். கடைசி இடத்துக்கு இரண்டு பேர் இழுபறி. அந்த இரண்டு பேரில் ஒருத்தி என் அடுத்த மேஜைக்காரி.

முடிவில் ஒருவருக்கு முப்பத்தொன்பது. அவளுக்கு முப்பத்தெட்டு.

மறுபடி எண்ணலாமா என்று நானே கேட்டேன். எண்ணினோம். அதேதான். மூன்றாம் முறை அவளே வந்து சீட்டுகளை எடுத்து எண்ணினாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயில் சுவரும் நைனாவின் கடைசி வரிசையும் கண்ணுக்கு முன்னால் வந்தன. எண்ணி முடித்துவிட்டுச் சீட்டுகளைத் தட்டி அடுக்கினாள். "முப்பத்தெட்டு. சரிதான்" என்று சொல்லி, நகரி டீச்சரிடம் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். நகரி டீச்சருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

சித்தூருக்கு நாங்கள் ஒன்றாகத்தான் திரும்பியாக வேண்டும். சேர்ந்துதான் வந்திருந்தோம். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள் உட்கார்ந்தாள், பக்கத்தில் நான். சந்திரகிரி தாண்டியது. தூங்குகிறாளோ என்று பார்த்தேன். விழித்துத்தான் இருந்தாள்.

"நீ எனக்குப் போட்டியா?" என்று கேட்டாள், வெளியே பார்த்தபடியே.

"தேர்தல் நடத்தறவளுக்கு ஓட்டு கிடையாது. நம்ம விதி."

"ஒரு ஓட்டுல போச்சு. உன் ஓட்டு இருந்திருந்தா சமம் ஆயிருக்கும்."

"ஆமா" என்றேன். "கோவமா?"

"இருக்குது. இல்லாம எப்படி இருக்கும்? அந்தம்மா மனுவை நீ எடுத்தப்போவே கோவம். நாலு நாள் வீட்ல யார்கிட்டயும் சரியாப் பேசல." ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "ஆனா நான் ஒண்ணு யோசிச்சிக்கினு வரேன். ஆறு வருஷமா கமிட்டியில இருக்கேன். ரெண்டு தடவை ஜெயிச்சேன்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்போ எனக்கு எத்தனை பேர் ஓட்டு போட்டாங்க?"

"யாரும் போடல. ஏகக்ரீவம்."

"அதான். ஒருத்தர் கூடப் போடல. இன்னிக்கு முப்பத்தெட்டு பேர் உக்காந்து, பேரைப் பார்த்து, எனக்கு டிக் போட்டிருக்காங்க. அதுல யாரு யாருன்னு எனக்குத் தெரியாது. தோத்த அன்னிக்குத்தான் எனக்கு முதல் ஓட்டு விழுந்திருக்குது."

அவள் கண் கலங்கியிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன். உதறவில்லை. பூதலப்பட்டு வரைக்கும் அப்படியே வந்தோம். அதற்கப்புறம் அவளுக்குப் பசித்தது. நான் பையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தைப் பிரித்தேன். இரண்டு பேரும் அதை முழுசாகத் தின்று தீர்த்துவிட்டு, கரும்பலகையில் கோடு போடும்போது நூலகருக்கு எத்தனை தடவை கணக்கு தவறியது, தலைவி என் புடவையைப் பார்த்த பார்வை என்று பேசிச் சிரிக்க ஆரம்பித்தோம். முன்சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

புதுக் கமிட்டி முதல் கூட்டத்திலேயே மாதக் கூட்டத்தை இரண்டாவது சனிக்கிழமைக்கு மாற்றியது. நகரி டீச்சரின் பள்ளியிலேயே ஒரு கூட்டம் நடத்தவும் முடிவு செய்தார்கள். அதற்கு நான் போனபோது, பள்ளிக்கூட எச்.எம். வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். அவர் கைக்கு என் கடிதத்தின் நகல் போனதா என்று நான் கேட்கவில்லை. நகரி டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துப் புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

ஆனால் எனக்கு நன்றாக நினைவிருப்பது தேர்தலுக்கு அடுத்த திங்கட்கிழமைதான். காலையில் துறைக்குள் நுழையும்போது கொஞ்சம் தயங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மனசு மாறிவிடுவது உண்டு. அவள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வருஷப் பிள்ளைகளின் தேர்வுத்தாள் கட்டு அவள் முன்னால் இருந்தது.

"வந்தியா? இந்தப் பொண்ணு எழுத்தைக் கொஞ்சம் பாரேன். இது 'ஆன்மா'வா, 'அம்மா'வா?" என்று ஒரு தாளை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. இரண்டுக்கும் அர்த்தம் வருகிறது என்று சொன்னேன். "அப்போ மார்க் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். நான் என் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.